பி.எஃப். பணத்தில் ஒரு பூ!

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாகப் பூ வந்து இறங்கும் ஊரில், ''ரூமுக்குள்ள பாட்டில் தண்ணியில பூ வளர்க்கலாம் சார்!'' என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் மண் வேண்டாம், தொட்டி வேண்டாம், ஹவுஸ் ஓனரின் 'ஆணி அடிக்காதே' சட்டத்துக்கும் பங்கமில்லை. பேச்சிலருக்கு இதைவிட அடக்கமான ரூம்மேட் கிடைப்பது கஷ்டம்!

விஷயம் இவ்வளவுதான். கிழங்கு என்பது செடியின் பி.எஃப். அக்கவுன்ட். போன சீஸனில் இலைகள் வெயிலில் உழைத்துச் சேர்த்ததெல்லாம் அதற்குள் டெபாசிட். தண்ணீரைக் காட்டினால், அந்தச் சேமிப்பை எடுத்தே பூத்துவிடும்.

குளிர் தேசத்தில் இப்படி வளர்ப்பது ஹயாசிந்த். அந்த அம்மணி நமக்கு ஒத்துவரமாட்டார். பூப்பதற்கு முன் பத்துப் பன்னிரண்டு வாரம், 9 டிகிரி அளவில் குளிர வேண்டும். இங்கேயோ மார்கழி ராத்திரியிலும் ஃபேன் ஓடுகிறது! ஃப்ரிட்ஜில் வைக்கலாம்தான். ஆனால் பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம் இருந்தால், அவை விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுத்துவிடும். வெங்காயம் என்று நினைத்து யாராவது சாம்பாரில் போட்டாலோ... போச்சு! அது விஷக் கிழங்கு சார்.

நிலக்கோட்டைப் பக்கம் விளைகிற சம்பங்கியும் கிழங்கிலிருந்து வருவதுதான். மெக்ஸிகோவில் பிறந்து நம் வெயிலோடு சம்பந்தம் பண்ணிக்கொண்டது. ஆனால் அதற்கு மண்ணும் உரமும் வேண்டும், பாட்டிலுக்குள் அடங்காது.

பிறகு யார்தான் வருவார்? நர்ஸரியில் 'அமரில்லிஸ்' கேளுங்கள். தென் அமெரிக்க வெயில் பார்த்த ஜாதி, ஃப்ரிட்ஜ் கேட்காது. ஓய்வில் இருக்கிற, நல்ல பருமனான கிழங்காகப் பார்த்து வாங்குங்கள். பாட்டிலின் வாயில் அது உட்கார வேண்டும், உள்ளே விழக்கூடாது. தண்ணீர் கிழங்கின் அடிக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். வேர் குடிக்கலாம், கிழங்கு குளிக்கக்கூடாது, அழுகிவிடும். வெளிச்சமான ஜன்னலோரம் உத்தமம். இதுவும் விஷம்தான், சமையல் பக்கம் வேண்டாம். வாரம் இரண்டு தடவை தண்ணீரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் பூவுக்கு முன்னால் டெங்கு கொசு பிறக்கும்!

பூ வாடியதும் கிழங்கைக் குப்பையில் வீசிவிடாதீர்கள். அது கையிருப்பைக் கரைத்து உங்கள் ஜன்னலை அலங்கரித்த ஜீவன். இலையை வெட்டாமல், ஊரில் அம்மா வைத்திருக்கிற தொட்டியில் நட்டுவிடுங்கள். வெயிலில் இலைகள் மறுபடி உழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக டெபாசிட் கட்டும்.

தங்கச்சி கல்யாணத்துக்கு பி.எஃப்.பில் லோன் போட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எடுத்தது தப்பில்லை சார். திரும்பக் கட்ட அவகாசம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்!