மலை ரயிலும் கட்டுச்சோறும்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் போகும் மலை ரயிலை மொத்தமாக வாடகைக்குப் பேசி, வழியில் பலகாரமும் பானமும் பரிமாறி, ஒரு நாள் உல்லாசப் பயணமாக விற்கும் பழக்கம் தலையெடுத்திருக்கிறது. "பாரம்பரியப் பயணம்" என்று அதற்கு ஒரு கௌரவமான பெயர். "பணமுள்ளவன் போகிறான், வருகிறான், நமக்கென்ன தோழரே?" என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நமக்கு நிறைய இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். ஊர் சுற்றிப் பார்ப்பதையும், ஓடும் ரயிலில் உட்கார்ந்து ருசியாகச் சாப்பிடுவதையும் நாம் குற்றம் என்று சொல்லவில்லை. எட்டு மணி நேர வேலை கேட்டு நம் முன்னோர் அடிபட்டது, மீதி நேரத்தில் தூங்கி எழுந்து மறுபடி மில்லுக்குப் போவதற்காக மட்டுமல்ல. மனிதன் மனிதனாக இருக்க ஓய்வும் வேண்டும், சந்தோஷமும் வேண்டும். நம்மவர்களில் சிலர் இதைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். கூச்சம் எதற்கு?

சென்ற தை மாதம் பஞ்சாலைத் தோழர்களும் விவசாயத் தொழிலாளர்களுமாக நாம் இருபது பேர் சாதாரண வண்டியில்தான் மலை ஏறினோம். புளிச்சோறும் தயிர்ச்சோறும் வாழை இலையில் கட்டி எடுத்துக்கொண்டோம். காலை ஏழு மணி தாண்டிப் புறப்பட்ட வண்டி கல்லாறு வரை மற்ற ரயில்களைப் போலத்தான் ஓடியது. அதற்கு மேல்தான் விசேஷம். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள் இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. 12 அடி போனால் 1 அடி உயரம். எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. கீழே நின்று தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்காரர், கையில் கொடியோடு நிற்கிறார்.

மில்லில் பிட்டர் வேலை பார்க்கும் தோழர் ஒருவர் ஹில்குரோவில் வண்டி தண்ணீர் பிடிக்க நின்றதும் எஞ்சினருகே ஓடிவிட்டார். திரும்பி வந்து நமக்கெல்லாம் பாடமே நடத்தினார். இரண்டு சிலிண்டர் சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. முதல் ஜோடியைத் தள்ளிவிட்டு வரும் நீராவியை வீணாக்காமல் அடுத்த ஜோடிக்கு அனுப்புகிறார்கள் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட அவருக்கு நேரமில்லை. எஞ்சின் பெருமையைப் பேசத் துரைமார்தான் வேண்டுமா?

கல்லாற்றுப் பக்கம் பாக்குத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஓர் அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார்: "அம்பது வருசமா இந்த ஊதல் சத்தம் கேட்டுத்தான் வேலைக்குக் கெளம்பறேன், சாமி. ஏறி உக்காந்தது இன்னைக்குத்தான்."

அந்த அம்மாள் சொன்னதை வைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

இந்தப் பாதை யாருக்காகப் போடப்பட்டது? சென்னை மாகாணத்தை ஆண்ட வெள்ளைக்கார சர்க்கார் வெயிலுக்குப் பயந்து கோடையில் உதகைக்கு ஏறிக்கொண்டது. மலைமேல் தேயிலைத் தோட்டங்கள் இருந்தன. 1854இல் யோசனை பிறந்தது. 1891இல்தான் வேலை தொடங்கியது. 1899இல் குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் வண்டி போயிற்று. 46 கிலோமீட்டரில் 16 குகைகள், 208 வளைவுகள், சுமார் 250 பாலங்கள். பாறையை உடைத்தவன், கல் சுமந்தவள், அடிவாரத்தின் மலேரியாக் காய்ச்சலில் படுத்தவன், இவர்களில் ஒருவர் பெயரும் நாம் பார்த்த எந்தப் பலகையிலும் இல்லை. பல்சட்டத்தை வகுத்த சுவிஸ் நாட்டு இஞ்சினியர் ரோமன் ஆப்ட்டின் பெயர் இருக்கிறது. இருக்கட்டும், கெட்டிக்காரர்தான்.

2005இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. அந்தச் சின்னம் இன்று யார் கையால் உயிரோடிருக்கிறது? பழைய சுவிஸ் எஞ்சின்களைப் பழுது பார்த்ததோடு நில்லாமல், 2010க்குப் பிறகு அதே மாதிரி புதிய எஞ்சின்களையே கட்டித் தந்தவர்கள் திருச்சி பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள். எந்தப் பொன்மலை? 1946 செப்டம்பர் 5ஆம் தேதி, வேலைநிறுத்தத்தின்போது, போலீஸ் துப்பாக்கிக்கு ஐந்து தொழிலாளர்களைப் பலிகொடுத்த அதே பொன்மலை. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடும்போது, பாறையைப் புரட்டி வழி திறப்பவர்களும் சம்பளக்காரத் தொழிலாளர்களே. இதைப் பாரம்பரியம் என்று யாரும் விளம்பரம் போடுவதில்லை.

இப்போது வாடகை வண்டிக்கு வருவோம். 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்திய சாதாரண மலை ரயில், அந்த ஆண்டு கடைசி வரை ஜனங்களுக்கு ஓடவில்லை. ஆனால் டிசம்பர் தொடக்கத்தில் ஒரு தனியார் கம்பெனி அதே பாதையில், அதே பெட்டிகளை வாடகைக்கு எடுத்து வண்டி விட்டது. தலைக்கு 3,000 ரூபாய் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. உபசரிக்கப் பெண்கள், சிற்றுண்டி, எல்லாம் உண்டு. கண்டனம் கிளம்பியதும், "ரயிலை விற்கவில்லை, வாடகைக்குத்தான் விட்டோம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்று ரயில்வே விளக்கம் தந்தது. விற்கவில்லை என்பது சரி, ஒப்புக்கொள்கிறோம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாமாம்! பாக்குத் தோட்டத்து அம்மாள் எடுக்கலாம் அல்லவா? நோய்க்குப் பயந்து ஜனங்களை நிறுத்திய பாதையில் 3,000 ரூபாய்க்காரர் மட்டும் எப்படிப் போனார்? அந்த நோய் டிக்கெட் விலை பார்த்துத்தான் தொற்றுமா?

சாதாரண வண்டிக்கும் 2018இல் கட்டணம் உயர்த்தினார்கள். பாதை நஷ்டத்தில் ஓடுகிறது என்பது வாதம். நஷ்டம் உண்மையாகவே இருக்கலாம். செங்குத்தான மலையில் ஓடும் சிறிய வண்டி லாபம் தரும் என்று நாமும் சொல்லவில்லை. நூலகம் லாபத்தில் நடக்கிறதா? பூங்கா நடக்கிறதா? ஜனங்கள் வரிப்பணத்தில் காப்பாற்றப்படும் சொத்தில் ஜனங்களுக்கு முதல் இடம் வேண்டும் என்பதே நம் வழக்கு.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. வாடகை வண்டி விடுவதானால் விடட்டும். அதற்காக ஜனங்களின் வண்டி ஒரு நாளும் நிற்கக் கூடாது. முன்பதிவில்லாத இடங்களை அதிகமாக்க வேண்டும். அடிவாரத்துக் கிராமங்களின் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தொழிற்சங்கக் குடும்பங்களுக்கும் ஆண்டில் சில நாட்கள் சலுகைக் கட்டணத்தில் பெட்டி ஒதுக்க வேண்டும். மேட்டுப்பாளையம் நிலையத்தில், பாதை போட்ட கூலிகளுக்கும் பொன்மலைத் தொழிலாளர்களுக்கும் தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும்.

மனு எழுதியாகிவிட்டது, கையெழுத்து வாங்கும் வேலை மில் கேட்டிலும் தோட்டங்களிலும் நடக்கிறது. வருகிற தையிலும் நாம் போவதாக இருக்கிறோம். இந்தத் தடவை ஐம்பது பேராவது வருவார்கள். புளிச்சோறா, எலுமிச்சைச் சோறா என்ற சண்டை இப்போதே தொடங்கிவிட்டது.