"பழகிடும் சார்!"

போன கோடை விடுமுறையில் பேரனை அழைத்துக்கொண்டு வேப்பம்பட்டில் ரயிலேறி, வில்லிவாக்கத்தில் இறங்கி, கொளத்தூர் போனேன். வண்ண மீன் என்றால் நம் பக்கத்தில் கொளத்தூர்தானே! ஒரு கடையில் ஒரு ரூபாய்க் காசு அளவில் இரண்டு ஆஸ்கர் குஞ்சு, நான்கு கோல்டு ஃபிஷ், ஒரு 'டேங்க் கிளீனர்', இரண்டடித் தொட்டி எல்லாம் கொடுத்தார்கள்.

"எல்லாத்தையும் ஒண்ணா விடலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா விடுங்க சார், சின்னதுலேருந்தே ஒண்ணா இருந்தா பழகிடும்" என்றார் கடைக்காரர்.

எழுத்தில் இல்லாத உத்தரவை நம்பாதே என்று இருக்கையில் உட்கார்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இருந்தும் நம்பினேன். ஐந்தாம் மாதத்தில் கோல்டு ஃபிஷ் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கடைசி மீனின் வால் ஆஸ்கரின் வாயிலிருந்து நீட்டிக்கொண்டிருந்ததைப் பேரன் பார்த்துவிட்டான். இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஆஸ்கரை நான் குறை சொல்ல மாட்டேன். அமேசான் பக்கத்து மீன் அது; வாய்க்குள் அடங்குவது எல்லாம் அதற்கு இரை. என் கோபம் அந்தப் "பழகிடும்" என்ற சொல்லின் மேல்தான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். லா ஃபோந்தேனின் கதை ஒன்று பாடத்தில் இருந்தது. தூண்டிலில் சிக்கிய குட்டி மீன், "இப்போது விட்டுவிடு, வளர்ந்தபின் பிடித்துக்கொள்" என்று கெஞ்சும், மீனவன் விடமாட்டான். கைக்கு வந்ததை விடாதே என்பது வாத்தியார் சொன்ன நீதி. எனக்கு இந்த வயதில் வேறொரு நீதி தெரிகிறது. குட்டி மீன் பொய் சொல்லவில்லை. அது வளரத்தான் போகிறது!

ஆஸ்கர் ஓர் அடி வளரும். டேங்க் கிளீனரும் ஓர் அடியைத் தாண்டும். சிவப்பு வால் கெளுத்தி மூன்றடிக்கு மேல் போகும். காசு அளவில் இருக்கும்போது இவற்றுக்குத் துணை தேடுவது, தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குப் பெண் பார்ப்பது போலத்தான்.

ஆகவே ஜோடி சேர்க்கும்போது இன்றைய உருவத்தைப் பார்க்காதீர்கள். நாளைய வாயைப் பாருங்கள். அழகான ஏஞ்சல் மீன்கூட வளர்ந்தபின் நியான் டெட்ராவை விழுங்கிவிடும். சிறு கெளுத்தி வகைகளை விட்டாலோ, அவற்றின் முள் தொண்டையில் சிக்கி விழுங்கிய மீனே சாகும். ஆஸ்கருக்குத் துணை வேண்டுமானால் தட்டு போல் அகன்ற சில்வர் டாலர் ஐந்தாறு விடலாம். அதற்கும் ஐந்தாறு அடித் தொட்டி வேண்டும். ஃப்ளவர்ஹார்னைத் தனியாக விடுவதே தர்மம். "இரைக்காகத்தான் கோல்டு ஃபிஷ் போடுகிறேன்" என்பவர்களுக்கும் ஒன்று: அதன் உடம்பில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு. அதையே தின்று வளரும் மீன் நோயில் விழும்.

இதைவிடப் பெரிய வழக்கு ஒன்று இருக்கிறது. தொட்டி போதாமல் நான் தவித்தபோது பக்கத்து வீட்டுக்காரர், "ஏரியில விட்டுடுங்க சார், புண்ணியம்" என்றார். அவர் நல்ல மனிதர். ஆனால் அது புண்ணியமா? நம் ஏரியில் இருக்கும் அயிரைக்கும் கெண்டைக்கும் எமனை அனுப்புவது எந்த ஊர்ப் புண்ணியம்? ஜிலேபி மீன் 1952இல்தான் இந்தியாவுக்கு வந்தது. இன்று அது இல்லாத ஏரி உண்டா? 2018 வெள்ளத்துக்குப் பின் கேரள ஆறுகளில் அமேசானின் அராபைமா வலையில் சிக்கியது. 2023இல் காஷ்மீரின் தால் ஏரியில் அமெரிக்காவின் அலிகேட்டர் கார் அகப்பட்டது. இவை தாமாகவா நீந்தி வந்தன? யாரோ வளர்த்த 'பழகாத' மீன்கள்தானே!

"கடைக்காரர் வயிற்றில் அடிக்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. மீனை விற்கட்டும், உண்மையையும் சேர்த்து விற்கட்டும். வளர்ந்தால் எத்தனை அங்குலம், எத்தனை அடித் தொட்டி வேண்டும், யாரோடு ஆகாது என்று தொட்டிமேல் மூன்று வரி எழுதி ஒட்ட என்ன செலவாகும்? ஒரு மீன் குறையலாம். ஆனால் ஏமாறாத வாடிக்கையாளர் திரும்ப வருவார்.

என் கதையின் முடிவு இது. ஓர் ஆஸ்கரையும் டேங்க் கிளீனரையும் அதே கடையில் காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தேன். மற்றதற்குப் பென்ஷன் பணத்தில் நாலடித் தொட்டி வாங்கினேன். கூடத்தில் என் சாய்வு நாற்காலி இருந்த இடம் போய்விட்டது. அது தனியாகத்தான் இருக்கிறது. நான் போனால் கண்ணாடியருகே வந்து வாலாட்டுகிறது.

பேரப்பிள்ளைகளோடு மீன் கடைக்குப் போகும் தாத்தா பாட்டிகளே, "என்ன விலை?" என்று கேட்பதற்கு முன், "எவ்வளவு வளரும்?" என்று கேளுங்கள். பதில் "பழகிடும்" என்று வந்தால், பையை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடியுங்கள்.