பாட்டு நம்முடையது, எழுத்து யாருடையது?

கோடை விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். கைபேசியில் ஒரு பாட்டு விளையாட்டு வைத்திருக்கிறான். பாட்டு ஓட ஓட வரிகள் திரையில் வரும். பாட வேண்டிய எழுத்து நிறம் மாறும். தாளம் தப்பாமல் பாடினால் மதிப்பெண். "தாத்தா, நீங்களும் பாடுங்க" என்றான். எங்கள் காலத்துப் பாட்டுதான், எனக்கு மனப்பாடம். ஆனாலும் திரையைப் பார்த்துத் தடுமாறினேன். தமிழ்ப் பாட்டு முழுவதும் ஆங்கில எழுத்தில்! தாத்தா ஃபெயில்.

தோற்றதற்காகக் கோபப்படவில்லை. பி, ஏ, டி, ஏ, எம் என்று ஐந்தெழுத்து வருகிறது. அது படமா, பாடமா, பதமா, பாதமா? யோசிப்பதற்குள் தாளம் தாண்டிப் போய்விடுகிறது.

நம் எழுத்திலேயே கால அளவு இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியர் அதற்கு அளவும் சொல்லிவிட்டார். எங்கே நீட்ட வேண்டும் என்று எழுத்தே காட்டும்போது, அதை அழித்துவிட்டுத் தாளம் சொல்லித்தர இவர்கள் யார்?

நம் மாவட்டத்துக் குடுமியான்மலைக்குப் போய்ப் பாருங்கள். 7ஆம் நூற்றாண்டு வாக்கில் பாறையில் ஸ்வரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். கிரந்த எழுத்துதான், தமிழல்ல. ஆனால் ஒரே ஸ்வரத்துக்கு அ, இ, உ, எ என்று உயிர்க்குறியை மாற்றி மாற்றி நுணுக்கம் காட்டியிருக்கிறார்கள். மாணவர் நலனுக்காகச் செய்தது என்று அந்தக் கல்வெட்டே சொல்கிறது. உளியால் வெட்டியவர்களுக்கு இருந்த அக்கறை, விரலால் தட்டுபவர்களுக்கு இல்லை.

நான் காரைக்காலில் மாமா வீட்டில் தங்கிப் பிரெஞ்சு வழியில் படித்தவன். எழுதியதில் பாதியை உச்சரிக்காத மொழி அது. பேச்சில் ஊமையாகிவிடும் கடைசி எழுத்துக்கூடப் பாட்டில் தனி ஸ்வரம் பெற்றுவிடும். அவர்கள் அந்த எழுத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தமிழ்மேல் வெறி பிடித்து நான் பேசவில்லை. இன்னொரு மொழியை ஒழுங்காகப் படித்ததால் பேசுகிறேன்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராதே" என்பார்கள். வராதென்றால் வரவழைக்க இதைவிட நல்ல வழி ஏது? ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பிரிஜ் கோத்தாரி 1996-இல் யோசித்தது இதைத்தான். பாட்டு எந்த மொழியோ அதே மொழியில் வரிகளைத் திரையில் ஓடவிட்டால், பார்ப்பவர்கள் தம்மை அறியாமலே படிக்கப் பழகுவார்கள். 1999-இல் குஜராத்தி தூர்தர்ஷனின் சித்ரகீத் நிகழ்ச்சியில் அதைச் செய்தும் காட்டினார்கள். சினிமாக் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தவர்களை நாமும் பார்த்திருக்கிறோமே!

ஆங்கில எழுத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டியவர்களுக்குக் கீழே சிறியதாக இருக்கட்டும். மேலே தமிழ் இருக்க வேண்டும்.

மற்றவர்கள் மனுவுக்குக் குறிப்பு எழுதியே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். முதல்முறையாக நானே ஒரு மனு எழுதி அந்த விளையாட்டுக்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்களும் இரண்டு வரி எழுதுங்கள். பதில் வரும்வரை, பேரனுக்காக அந்தப் பாட்டை நோட்டில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். விரலை வைத்துப் பல்லவி வரை வந்துவிட்டான்.