அடிக்கவும் கூடாது, விரட்டவும் கூடாது... முரண்டு பிடிக்கும் மாணவனை எப்படி மாற்றுவது?

பக்கத்தில் இருப்பவனை அடிப்பது, நோட்டைக் கிழிப்பது, வகுப்பை விட்டு ஓடுவது... தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பலருக்கும் இது அன்றாடத் தலைவலி. பிரம்பை எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அப்போ, வேற என்னதான் வழி?

சட்டம் என்ன சொல்கிறது?

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரிவு 16-ன்படி, 8-ம் வகுப்பு முடியும் வரை மாணவரைப் பள்ளியிலிருந்து நீக்கவும் முடியாது. ஆனால் தடை மட்டும் போதாது. பதிலுக்கு என்ன செய்வது என்பதும் ஆசிரியருக்குத் தெரிய வேண்டும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

பெரும்பாலும் நான்கு காரணங்கள். கவனம் வேண்டும், ஒரு பொருள் வேண்டும், கஷ்டமான வேலையிலிருந்து தப்பிக்க வேண்டும், அல்லது அந்தச் செயலே உடலுக்கு இதமாக இருக்கிறது.

கணக்குப் பாடம் தொடங்கியதும் நோட்டைக் கிழிக்கும் சிறுவனை வெளியே நிற்க வைத்தால் என்ன ஆகும்? கணக்கிலிருந்து தப்பித்துவிடுகிறான். அவனுக்கு அது தண்டனை இல்லை, பரிசு. நாளைக்கும் கிழிப்பான்.

மாற்று வழி என்ன?

அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் கார், மார்க் டுரண்ட் இருவரும் 1985-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு, வேண்டியதை வாயால் கேட்கச் சொல்லிக் கொடுத்தார்கள். முரட்டு நடத்தை குறைந்தது. ஆனால், காரணத்துக்குப் பொருந்தும் வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தபோதுதான் பலன் கிடைத்தது. உதவி தேவைப்படும் குழந்தைக்குப் பாராட்டு கேட்கக் கற்றுக்கொடுத்தால் பயனில்லை.

வகுப்பில் செய்வது எப்படி?

* நடத்தைக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று சில நாள் குறித்து வையுங்கள்.
* "புரியல டீச்சர்", "ரெண்டு நிமிஷம் ரெஸ்ட் வேணும்" போன்ற ஒரே ஒரு சின்ன வாக்கியம் போதும். பேசத் தயங்கினால் ஒரு அட்டையைக் காட்டச் சொல்லலாம்.
* கோபத்தில் இருக்கும்போது வேண்டாம். அமைதியாக இருக்கும் நேரத்தில் பழக்குங்கள்.
* கேட்டவுடன் கொடுங்கள். பழகிய பிறகு, காத்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.
* வீட்டிலும் இதே முறை தொடர வேண்டும்.

சிக்கல் எங்கே?

60 மாணவர்கள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குச் சட்டப்படி இரண்டு ஆசிரியர்கள்தான். ஐந்து வகுப்புகளையும் பார்த்துக்கொண்டே ஒரு குழந்தையைக் குறிப்பெடுப்பது எளிதல்ல. அதனால், அதிகம் பிரச்னை வரும் ஒரு பாடவேளையில் மட்டும் தொடங்கலாம்.

பழைய வழி பலிக்காதபோது, முதலில் அடம் இன்னும் கூடலாம். பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அடி, உதை என ஆபத்தான அளவுக்குப் போனாலோ, வாரக்கணக்கில் மாற்றமே இல்லை என்றாலோ, பார்வை, செவித்திறன், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிப்பதும், சிறப்பாசிரியரின் உதவியைக் கேட்பதும் அவசியம்.