கூலியில் ஏன் இந்தக் குறை?

“பெண்களுக்கு அரசாங்கம் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டது, இனியும் சம்பளத்தைப் பற்றிக் கூச்சலிடுவானேன்?” என்று பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் கிள்ளான் மேடைகளிலும் பேசுவோர் நம்மிடையே உளர். செய்யப்பட்டவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால், எல்லாம் முடிந்துவிட்டது என்பதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளோம்.

பழைய கணக்கை முதலிற் பார்ப்போம். 1928-ஆம் ஆண்டளவில் மலாயாவின் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் இந்தியத் தோட்டத் தொழிலாளர்க்கு வகுக்கப்பட்ட நாட்கூலி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் ரப்பர் விலை வீழ்ந்தபோது அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. ஏறினாலும் இறங்கினாலும் பெண்ணுக்கு ஆணின் கூலியில் நூற்றுக்கு எண்பதே! விடியுமுன் அவளும் பெரட்டுக்கு நின்றாள்; அவளும் பால்மரம் சீவினாள். பெண் எடுத்த பாலென்று அந்த ரப்பரைச் சந்தையில் எவரேனும் விலை குறைத்து வாங்கியதுண்டோ?

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி கேட்டனர். தம் பெண்டிரிடம் அதிகாரிகள் முறைகேடாக நடப்பது ஒழிய வேண்டுமென்றனர். அப்போராட்டத்தைப் போற்றுகின்றோம். எனினும், பெண்ணின் மானத்துக்காகக் கொதித்தெழுந்த சமூகம், அவள் கூலிக்காகவும் அதே வேகத்தோடு எழுந்ததா?

பின்னர் வந்த உரிமைகள் தாமாக வந்தவையல்ல. 1960-இல் ஆசிரியைகள் தமக்கெனச் சங்கம் கண்டு போராடினர். அரசாங்க ஊழியத்தில் சம ஊதியம் 1969-இல் வந்தது. சம ஊதியம் பற்றிய 1951-ஆம் ஆண்டின் அனைத்துலகத் தொழிலாளர் உடன்படிக்கையை மலேசியா 1997-இல்தான் ஏற்றது. 2023 முதல் பிரசவ விடுப்பு 98 நாளாயிற்று. வேலையிற் பாரபட்சம் பற்றிய புகார்களைத் தொழிலாளர் துறைத் தலைவர் விசாரித்துத் தீர்க்கவும் சட்டம் இடந்தந்தது.

நன்று. ஆனால், விசாரணைக்குப் புகார் வேண்டுமன்றோ? பக்கத்தில் நின்று அதே வேலை செய்யும் ஆணின் சம்பளம் இன்னதென்று அறியாதவள் எதை வைத்துப் புகார் செய்வாள்? அறிந்தாலும், வீட்டு வாடகை கழுத்தை நெரிக்கும்போது வேலையைப் பணயம் வைப்பாளா? பாரபட்சம் என்பது இன்னதென்று அச்சட்டம் வரையறுக்கவுமில்லை. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு அவ்வாணை பொருந்தாது. பிறர் வீட்டில் சமைப்பதும் துடைப்பதும் உழைப்பன்றி வேறென்ன?

“பெண்ணின் சம்பாத்தியம் குடும்பத்துக்கு மேல்வரும்படிதானே?” என்பார்க்கு ஒரு கேள்வி. கூலி கொடுப்பது வேலைக்கா, குடும்பத்தின் தேவைக்கா? தேவைக்கே என்றால், மணமாகாத இளைஞனுக்குப் பாதிக் கூலியும், பிள்ளைகளை வளர்க்கும் கைம்பெண்ணுக்கு இரட்டைக் கூலியும் கொடுக்கட்டுமே! அதற்கு மட்டும் அவர்கள் இணங்கார்.

மற்றொன்று. தோட்டத்திலாவது பிள்ளையை விட்டுச் செல்ல ஆயாக்கொட்டகை இருந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்த தாய்க்கு அதுவும் போயிற்று. பெண்களே, வேலைக்குத் திரும்புங்கள் என்று அழைக்கும் அரசாங்கம், குழந்தையை எங்கே விடுவது என்பதற்கு விடை சொல்லாமல் அழைப்பதனால் பயனென்ன?

ஆகவே நாம் கேட்பவை நான்கு. சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்பது தனியார் முதலாளிகளையும் கட்டுப்படுத்தும் சட்டமாகட்டும். ஒவ்வொரு வேலைக்கும் உரிய சம்பள விகிதத்தை முதலாளிகள் வெளிப்படையாகக் காட்டட்டும். வீட்டு வேலைக்காரரும் குறைந்தபட்சச் சம்பள ஆணைக்குள் வரட்டும். தொழிலாளர் வாழும் குடியிருப்புதோறும் குழந்தைக் காப்பகம் எழட்டும்.

தொழிலாளத் தோழர்களே! இக்கோரிக்கையைப் பெண்களின் தலைமேல் மட்டும் சுமத்திவிட்டு ஒதுங்காதீர். மலிவாகக் கிடைக்கும் பெண்ணுழைப்பைக் காட்டியே முதலாளி நுங்கள் கூலியையும் குறைக்க முற்படுவான். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதனை முதலில் எழுந்து கேட்க வேண்டியவர் நீரே!