பூவைத் தின்றாற் காய் குறையுமோ?

விழா மலரிலே மெய்யான மலரைப் பற்றியும் ஒரு கட்டுரை இருத்தல் தகும் எனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம். இரணைமடுவைச் சூழ்ந்த ஊர்களிலே இக்காலத்து எங்கும் கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. மந்தி மாம்பூவைத் தின்கின்றது. குரங்கு தென்னங்குரும்பையைப் பறித்தெறிகின்றது. வௌவால் இலுப்பைப் பூவைச் சூறையாடுகின்றது. இவற்றையெல்லாம் ஒழித்தாலன்றிக் கமக்காரனுக்கு வாழ்வில்லை என்பது அது. 2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆந் திகதி அரசினர் நாடெங்கும் குரங்கு, மயில், மர அணில் முதலியவற்றை ஒரே வேளையில் எண்ணுவித்தனர். எண்ணியது நன்றே. ஆயின் விலங்குகளை எண்ணினோமேயன்றி, அவை தின்ற பூவினால் எத்தனை காய் குறைந்ததென எண்ணினோமல்லோம். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதே யாம் சொல்லப் புகுந்தது.

தமிழாசிரியர்க்குத் தாவரநூலில் என்ன வேலை என்று விஞ்ஞான ஆசிரியர்கள் நகைக்கக்கூடும். எமக்கு இவ்விடயத்தின் வாயிலைத் திறந்தது தமிழே. பூவின் பருவந்தோறும் நம் முன்னோர் வேறு வேறு பெயரிட்டனர். விரியாதது அரும்பு, விரியுந் தறுவாயிலுள்ளது போது, விரிந்தது மலர், வீழ்ந்தது வீ, வாடியது செம்மல். ஆகவே விலங்கு பூவைத் தின்றது என்பாரை நோக்கி, அரும்பைத் தின்றதா, வீயைத் தின்றதா என்று வினாவுதல் வேண்டும். அரும்போடு சூலகமும் போயிற்றேல் ஒரு காய் போயிற்று. வீயைத் தின்றால் மரத்துக்கு யாதும் நட்டமில்லை.

இதற்கு இலுப்பையினும் சிறந்த சான்று வன்னியிலே கிடையாது. இலுப்பைக்கடவை என்றும் இலுப்பைக்குளம் என்றும் ஊர்களுக்கே பெயர் கொடுத்த மரம் அது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்னும் பழமொழியை அறியாதாருமிலர். அந்தச் சர்க்கரை தங்குமிடம் தசைப்பற்றுள்ள அல்லி. கேசரங்கள் அல்லியின் உட்புறத்திலேயே ஒட்டியுள்ளன. அரும்பு விரியுமுன்னரே தம்பம் வெளியே நீண்டு, அதன் நுனியிலுள்ள குறி மகரந்தத்தை ஏற்க ஆயத்தமாகின்றது; தன் பூவின் மகரந்தம் வெளிப்படுவது அதன் பின்னரே. தின்னப்படாவிடினும் இந்த அல்லி விடியற் பொழுதில் தானே கழன்று நிலத்தில் வீழ்வது. சூலகமோ தம்பத்தோடு கிளையிலேயே நிற்கும். ஆகவே வௌவால் இரவிலே கவ்விச் செல்வது மரம் எப்படியும் கொடுத்துவிடப் போகும் பண்டத்தையே. அஃதன்றியும், அல்லியைக் கவ்வும்போது அதன் முகத்திலே படியும் மகரந்தம் அடுத்த பூவின் குறியைச் சேர்கின்றது. தென்னிந்தியாவில் இலுப்பையை ஆராய்ந்து 2009இல் வெளியிடப்பட்ட கட்டுரையொன்றும் பழந்தின்னி வௌவால்களை அம்மரத்தின் மகரந்தச் சேர்க்கையாளர் என்றே கூறுகின்றது. பின்னர்ப் பழுத்த காலத்திலே சதையைத் தின்று விதையைத் தூரத்தே போடுவதும் அதே வௌவால்தான். கோயில் விளக்குக்கு இலுப்பெண்ணெய் வேண்டும், ஆனால் வௌவால் வேண்டாம் என்பது எவ்வகை நியாயமோ!

மாவின் கதை வேறு. ஒரு மாங்கொத்திலே நூற்றுக்கணக்கில், சிலவேளை ஆயிரத்துக்கு மேலும் பூக்கள் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவற்றை மரம் தானே உதிர்த்துவிடும். நூற்றுக்கு ஒன்றுகூட முற்றிய காயாவதில்லை. சில பூக்களை மந்தி தின்றமையால் அத்தனை காய் குறைந்தது என்று கணக்கிடுதல் பிழை. கொத்தையே முறித்துப் போட்டதாயின் அது நட்டந்தான்.

தென்னையுடையார் துயரை யாம் பொய்யென்று கூறோம். ஒரு பாளையில் ஆண்பூக்கள் ஆயிரக்கணக்கிலும் பெண்பூக்கள் சில பத்துகளிலுமே உண்டு. பின்னவையே குரும்பையாவன. காயாகி முற்றும் நிலையிலிருந்த குரும்பையைக் குரங்கு பறித்தால், மறைவான இலாபம் எதுவும் அங்கில்லை. இவர்க்கு இழப்பீடும் காவலும் வேண்டுமென்பதில் எமக்கு ஐயமில்லை.

பூவுண்ணும் உயிர்களை நிரற்படுத்துவோர் மனிதனை விட்டுவிடலாகாது. முருங்கைப்பூ வறையும் வாழைப்பொத்திச் சம்பலும் உண்டு வளர்ந்தவர்களன்றோ நாம்? சீப்புகள் வெளிவந்த பின்னர்ப் பொத்தியை முறிப்பதாற் குலைக்குக் குறைவில்லை, எஞ்சியவை ஆண்பூக்களே. பூசணியிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு என்பதை அறிந்து பறிக்கும் கிழவி, விலங்கு பறித்தால் மட்டும் வேறு கணக்குச் சொல்வதேன்?

ஒன்று கூறாது விடுதல் முறையன்று. சூலகம் தப்பினாலும் அல்லி கிழிந்த மலரைத் தேனீ விலக்கிச் செல்வதுண்டு. மகரந்தத்தை வண்டு தின்றுவிட்டால் அம்மலர் வேறொரு மலருக்குத் தந்தையாகும் வாய்ப்பு அற்றுப்போகின்றது. 2006இல் மக்கோல், ஏர்வின் என்னும் இருவர் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து, இலையுண்பவற்றை ஆராய்ந்த அளவுக்குப் பூவுண்பவற்றை உலகம் ஆராயவில்லை எனக் குறையிரந்தனர். வன்னிக்கோ இது பன்மடங்கு பொருந்தும்.

ஆதலின் வௌவால் தங்குகின்றதென்று இலுப்பையைத் தறிப்பதையும், பூக்காலத்திலே வெடி கொளுத்துவதையும் யாம் உடன்படோம். இன்று நட்ட இலுப்பைக்கன்று காய்ப்பதற்குப் பத்தாண்டளவேனும் செல்லும்.

மாணவர்க்கு ஒரு வேலை கூறுவோம். வருகின்ற பூக்காலத்தில் இரணைமடுப் பக்கத்து இலுப்பை மரமொன்றிலே இருபது கொப்புகளைத் தெரிந்து நூல் கட்டுக. பத்துக் கொப்புகளை, தேனீ நுழையவும் வௌவால் நுழையாதிருக்கவும் தக்க கண்ணுள்ள வலையால் மூடுக. பத்தை வாளா விடுக. பூக்களை எண்ணிக் குறித்துவைத்து, காய் முற்றும் காலத்திலே மீண்டும் எண்ணுக. வலைக்கும் ஏணிக்கும் ஆகும் செலவு சிறிது. பழைய மாணவர் சங்கத்தார் அதனை ஏற்பார்களென நம்புகின்றோம். கணக்கை அடுத்த ஆண்டுக் கல்லூரிச் சஞ்சிகையிலே வெளியிடலாம்.