மரபுரிமை என்னும் மயக்கம்

கணனிச் செய்நிரலாக்கம் பயிலப் புகும் மாணவனுக்குப் பாடநூல்கள் பல முதலிற் காட்டுவது ஒரு விலங்குக் காட்சிச்சாலையையே. ‘விலங்கு’ என ஒரு தாய் வகுப்பு. அதன்வழி ‘நாய்’, ‘பூனை’ எனப் பிள்ளை வகுப்புக்கள். நாய் குரைக்கிறது, பூனை கத்துகிறது. மரபுரிமை விளங்கிவிட்டதென ஆசிரியரும் அமைதியடைகிறார். விளங்கியது விலங்கியலேயன்றி மரபுரிமையன்று.

இவ்வேற்பாடு உயிரினப் பாகுபாட்டிலிருந்து பிறந்ததன்று. நோர்வேயின் ஒஸ்லோ நகரில் ஓலே யோஹான் டால், கிறிஸ்ரன் நைகார்ட் ஆகியோர் ‘சிமுலா 67’ மொழியை ஆக்குங்கால், சுங்கச்சாவடியொன்றிற் காத்துநிற்கும் பேருந்தையும் பாரவூர்தியையும் ஒரே வரிசையில் இணைப்பதெங்ஙனம் என்பது அவர்கள் எதிர்கொண்ட வினாக்களுள் ஒன்று. வரிசையில் நிற்பதற்கு வேண்டிய பொதுக்கூற்றை ஒருமுறை எழுதி, இரண்டின் முன்னும் பொருத்துவதே அவர்கள் கண்ட வழி. தேவை கருதிய ஏற்பாடு, அவ்வளவே.

‘மரபுரிமை’ என்ற சொல்லும் மயக்கத்தை வளர்க்கின்றது. உலக வழக்கில் முதுசம் பெற்ற மகன் அதனை விற்கலாம். வேண்டாமென மறுக்கவுஞ் செய்யலாம். செய்நிரலிலோ தாய் வகுப்பு இறப்பதில்லை. அதில் நாளை நிகழும் மாற்றம் பிள்ளையின் நடத்தையையும் மாற்றிவிடும். வேண்டாத முதுசமும் வந்தே சேரும். 1996 இல் வெளியான ஜாவா மொழியின் நூலகமே இதற்குச் சான்று. அதிலுள்ள ‘ஸ்ராக்’, கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் தட்டடுக்குப் போன்றது. ஆயின் அது ‘வெக்ரர்’ என்னும் வகுப்பின் பிள்ளையாக்கப்பட்டமையால், அடுக்கின் நடுவிலும் ஒரு தட்டைச் செருகும் உரிமை அதற்கு வந்துவிட்டது. அடுக்கு அடுக்காயிருத்தல் வேண்டும் என்ற ஒரேயொரு விதியும் அங்கே தகர்கின்றது. இப்பொழுது ஜாவாவின் விளக்கவேடே வேறொன்றைப் பயன்படுத்துமாறு கூறுகிறது.

தொடக்க மாணவனுக்கு எளிய உவமை வேண்டாமோ என வினவுவோர் உளர். வேண்டும், ஆனால் அவ்வுவமை தவறான வினாவைக் கற்பித்தலாகாது. ‘இது அதன் வகையா?’ என்று கேட்கப் பழகியவன், கேத்திரகணிதத்தை நம்பிச் சதுரத்தைச் செவ்வகத்தின் பிள்ளையாக்குவான். பின்னர் அகலத்தை மாத்திரம் மாற்றுமாறு பணித்தால், ஒன்றில் அது சதுரமாயிராது, அன்றி உயரமுஞ் சொல்லாமலே மாறும். தாயின் இடத்திற் பிள்ளையை வைத்தாலும் செய்நிரலின் நடத்தை பிறழலாகாது என்பதே கேட்கவேண்டிய வினா என்பதை 1987 ஆம் ஆண்டிலேயே பார்பரா லிஸ்கோவ் எடுத்துரைத்தார்.

ஒரு பொருளை மற்றொன்றின் உறுப்பாக வைத்து அதனிடம் வேலை வாங்கும் சேர்க்கை முறையே முதலிற் கற்பிக்கத்தக்கது. 1994 இல் காமா முதலிய நால்வர் வெளியிட்ட வடிவமைப்பு நூலும் சேர்க்கையையே முற்படுத்தியது. 2009 இல் அறிமுகமான ‘கோ’ மொழியில் வகுப்பு மரபுரிமை அறவே இல்லை. அம்மொழியில் எழுதுவோர் அதனாற் கைகட்டி நின்றுவிடவில்லை. நாய் குரைப்பதை இரண்டாந் தவணைக்கு ஒத்திவைப்பதால் எந்த மாணவனும் எதனையும் இழந்துவிடான்.